போன்ல தாயம் ஆடலாம், தப்பில்லை

செல்போன்ல விளையாடுறான்னு கேட்டாலே நம்ம ஊர்ல பெரியவங்களுக்குக் கோவம் வந்துரும். நானும் அந்த வயசை நெருங்குற ஆள்தான். ஆனா இந்த ஒரு விஷயத்துல நான் பயலுக பக்கம்தான் நிப்பேன். கூட்டாளிக நாலு பேரு நாலு ஊர்ல இருந்துக்கிட்டு, ராத்திரி போன்ல ஒண்ணா சேர்ந்து லூடோ ஆடுறது கெட்ட பழக்கம் இல்லைங்க.

கூடலூர்ல இன்னைக்கு ஒரு தெருவை எடுத்துக்கிட்டா, ஒருத்தன் திருப்பூர் பனியன் கம்பெனியில, ஒருத்தன் சென்னையில, ஒருத்தன் துபாய்ல. ஊர்ல மிச்சம் இருக்கிறவனும் விடியுமுன்ன ஜீப் ஏறி குமுளி மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போயிட்டு பொழுது சாயத்தான் வீடு திரும்புறான். மந்தையில உக்காந்து ஆடுங்கடான்னு சொன்னா, ஆட நாலு பேரு எங்க இருக்காய்ங்க? ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தன் ரூம் போட்டு நம்பரை அனுப்புறான், மத்த மூணு பேரும் உள்ள வர்றாய்ங்க. "டேய் மாப்ள, வெட்டிராதடா"ன்னு ஒரு குரல் துபாய்ல இருந்து வருது. அவனுக்கு அப்பத்தான் வேலை முடிஞ்சிருக்கும். அந்த அரை மணி நேரம் அவன் ஊர்ல இருக்கான். இதைப் போய் திட்டலாமா?

ஆனா எப்படி ஆடுறோம்கிறதுல எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

லூடோ ஒண்ணும் வெள்ளைக்காரன் சொந்தமா யோசிச்சது இல்லை. வடக்க சோழி உருட்டி பச்சீசின்னு ஆடுனதைச் சுருக்கி, ஆறு பக்கப் பகடையைப் போட்டு, 1896ல இங்கிலாந்துல காப்புரிமை வாங்குனாய்ங்க. 2016ல நவி மும்பைக் கம்பெனி ஒண்ணு அதை 'லூடோ கிங்'னு போனுக்குள்ள கொண்டுவந்துச்சு. 2020 ஊரடங்குல அது வீட்டுக்கு வீடு வந்துருச்சு. நம்ம தாயமும் அதே குடும்பத்து ஆட்டம்தான்.

தாயத்துக்கு ரெண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம். 1, 2, 3, இன்னொரு பக்கம் வெறுமை. ரெண்டுமே வெறுமையா விழுந்தா 12. ஒண்ணே ஒண்ணு விழுந்தா தாயம், அது விழுந்தாத்தான் காயை இறக்கலாம். இதுவரைக்கும் பொது. இதுக்கு மேல வீட்டுக்கு வீடு சட்டம் வேற. எதிராளி காய் ஒண்ணையாவது வெட்டாம உள் கட்டத்துக்குள்ள போகக்கூடாதுன்னு ஒரு வீட்ல. பழம் எடுக்கவும் தாயமே விழணும்னு இன்னொரு வீட்ல. கட்டை சுவத்துல சாஞ்சு நின்னா செல்லுமா செல்லாதாங்கிறதுக்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். பேசி முடிச்சுத்தான் முதல் உருட்டு.

போன்ல அந்தப் பஞ்சாயத்துக்கே வேலை இல்லை. போனே உருட்டுது, கட்டத்தையும் அதுவே எண்ணுது. சண்டை இல்லாம ஆடுறது நல்லதுதானேன்னு தோணும். எனக்கு அப்படித் தோணலை.

ஏன்னு கேட்டா, நான் வயக்காட்டுக்காரன். நம்ம பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லு பெரியாறு தண்ணியை நம்பித்தான் இருக்கு. ஜூன்ல தண்ணி திறந்து விடுறது அரசாங்கம். அது நம்ம வாய்க்காலுக்கு வந்ததுக்கப்புறம் யாருக்கு முன்ன யாரு பாய்ச்சணும்கிறதை நாமளேதான் பேசிக்கணும். தலைமடைக்காரன் வம்பு பண்ணுனா கடைமடைக்காரன் பயிரு காயும். "முதல்ல பேசுனது இதுதான், பாதியில மாத்தக்கூடாது"ன்னு ஒருத்தன் சொல்லணும், மத்தவன் முறைச்சுக்கிட்டாவது ஒத்துக்கணும். அந்தப் பழக்கம் வயல்ல வந்து புதுசா முளைக்காது. திண்ணையில தாயம் ஆடுறப்பவே வந்திருக்கணும்.

இதுக்கும் கம்ப்யூட்டர்ல வழி இருக்கு. 2015ல 'டேபிள்டாப் சிமுலேட்டர்'னு ஒண்ணு வந்துச்சு. காசு கொடுத்து வாங்கணும், கம்ப்யூட்டரும் வேணும். ஆனா அதுல இருக்கிற யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு. அது ஒரு மேசையையும் காயையும் பகடையையும் மட்டும் கொடுக்கும், விதியைப் பாக்குறது ஆடுறவங்க பாடு. காயைத் தப்பான கட்டத்துல வச்சா மேசை ஒண்ணும் சொல்லாது, கூட ஆடுறவன்தான் "டேய்"னு அதட்டணும். கோவம் வந்தா மேசையைக் கவிழ்த்து விடக்கூட வசதி வச்சிருக்காய்ங்க. நமக்கு வேணுங்கிற கட்டத்தைப் படமா ஏத்திக்கலாம். 3 புலி, 15 ஆடு வச்சு ஆடுபுலி ஆட்டமும் ஆடலாம், அப்பத்தா வீட்டுத் தாயமும் ஆடலாம்.

கம்ப்யூட்டர் இல்லையா? ரெண்டு ஊர்லயும் தரையில சாக்பீஸால கட்டம் போட்டு, போனை ஒரு சொம்புல சாச்சு வச்சு வீடியோ கால் போடுங்க. தபால் கார்டுல செஸ் ஆடுன ஆளுக இருந்த உலகம் இது. இங்க உருட்டுனதை அங்கயும் நகட்டணும். அங்க விழுந்ததை இங்க நம்பணும். நம்பி ஆடுறதுக்குப் பேருதான் கூட்டாளி.

ஒரு விஷயத்துல மட்டும் நான் பெரியவங்க பக்கம். காசு வச்சு ஆடாதீக. காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டத்தை 2025 ஆகஸ்ட்ல நாடு முழுக்கத் தடை பண்ணிச் சட்டமே போட்டாச்சு. சட்டத்தை விடுங்க. தோத்தவன் அடுத்த நாள் போனை எடுக்காமப் போனா, அந்த ஆட்டத்தால என்ன பிரயோசனம்?

கடைசியா ஒண்ணு. பழைய கோவில் மண்டபத்துலயும் சாவடித் திண்ணையிலயும் ஆடுபுலிக் கட்டம் கல்லுலயே செதுக்கி இருக்கும். பல ஊர்ல இப்ப அதுக்கு மேல டைல்ஸ் ஒட்டியாச்சு. கட்டம் போனா போகட்டும், இன்னொரு தடவை வரைஞ்சுக்கலாம். விதி அப்படி இல்லை. அது அப்பத்தா, அம்மாச்சி வாயில மட்டும்தான் இருக்கு. லூடோ கிங் அதை எழுதி வைக்காது.

அதனால பொங்கலுக்கு ஊருக்கு வர்ற தம்பிகளா, கரும்பைக் கடிச்சுக்கிட்டே அப்பத்தாகிட்ட உக்காந்து, நம்ம வீட்டுத் தாயத்துக்குச் சட்டம் என்னன்னு கேளுங்க. எந்தக் கட்டம் மனை, எப்ப வெட்டலாம், எப்ப மறு ஆட்டம்னு எல்லாத்தையும் போன்லயே பதிஞ்சுக்கங்க. ஊர் திரும்புனதும் அந்தச் சட்டப்படி ராத்திரி ஆடுங்க. விதியில சந்தேகம் வந்தா அப்பத்தாவுக்கே ஒரு போன் போடுங்க. ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிருக்காது, உங்க போனைத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்.