கல்லாவில் விட்டுப்போன சில்லறை

கல்லாவில் இருக்கும் காசை அப்படியே விட்டுவிட்டுக் கடையை மூடிப் போகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அதனால்தான் பொம்பேய் நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது.

இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-இல் சாம்பலால் மூடிய ரோமானிய ஊர் பொம்பேய். அதன் பெரிய கடைத்தெருவில் இருக்கும் இந்தக் கடை, வெடூடியஸ் பிளாசிடஸ் என்பவருடையது என்கிறார்கள். முகப்பில் ‘ட’ வடிவில் ஒரு மேடை. அதன் மேல் பல நிறப் பளிங்குத் துண்டுகள். மேடைக்குள் பெரிய மண் ஜாடிகளைப் பதித்து, வாய் மட்டும் வெளியே தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். சுவரில் சாமி படம்கூட உண்டு. வணிகத்துக்கு மெர்க்குரி, மதுவுக்கு டயோனிசஸ், கீழே இரண்டு பாம்புகள். வியாபாரிக்கு வேறு யார் வேண்டும்?

அந்த ஜாடிகளில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யோசித்துப் பாருங்கள், மண் ஜாடி ஈரத்தை உறிஞ்சும். மேடையோடு சேர்த்துக் கட்டியதைத் தூக்கிக் கழுவவும் முடியாது. பருப்பு, கொட்டை, உலர்ந்த பழம் போன்றவற்றைத்தான் வைத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆனால் இதே ஊரில் 2020-இல் முழுமையாக வெளிப்பட்ட இன்னொரு கடையின் பாத்திரங்களில் பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சங்கள் கிடைத்தன. எனவே வாதம் இன்னும் ஓயவில்லை.

பிளாசிடஸ் கடையின் ஒரு ஜாடியில் மட்டும் குழம்புக்கு வாய்ப்பே இல்லை. அதில் இருந்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள். தங்கமோ வெள்ளியோ இல்லை, பெரும்பாலும் வெண்கலச் சில்லறை. பொம்பேயின் வேறொரு மதுக்கடைச் சுவரில் விலை எழுதியிருக்கிறது: சாதாரண மது ஒரு ஆஸ், கொஞ்சம் நல்லது இரண்டு, உயர்ந்த ரகம் நான்கு. அப்படி ஒன்றும் இரண்டுமாகச் சேர்ந்த காசுதான் இது.

ஏன் எடுத்துப் போகவில்லை? கனம் என்று விட்டிருக்கலாம். ஆபத்து நீங்கியதும் திரும்பி வருவோம் என்று நம்பியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கடைக்குப் பின்னால் வீடு. சாப்பாட்டு அறையின் சுவரில் காளையின் மேல் போகும் யூரோப்பாவின் ஓவியம். அத்தனையையும் விட்டு ஓடியவர்கள் அந்தக் காசுக்காகத் திரும்பி வரவே இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து மண்ணைத் தோண்டியவர்கள்தான் அதை எண்ணினார்கள்.