கலியாணம் கட்டினா இந்த நோ மாறுமா?

செங்கலடிச் சந்தியால பதுளை வீதிக்குத் திரும்பினாலும் சரி, வந்தாறுமூலைப் பக்கம் போனாலும் சரி, மாதவிடாய் நோவுக்கு எங்கட ஊர்களில ஒரே வைத்தியம்தான்: "கொஞ்சம் பொறு மனே, கலியாணம் கட்டி ஒரு புள்ளயப் பெத்தா எல்லாம் சரியாயிரும்."

அன்பாலதான் சொல்றாங்க. ஆனா இந்த வாக்கை இனி எந்தப் பிள்ளைக்கும் குடுக்கக்கூடாது எண்டு நாங்கள் நினைக்கிறம். அதுக்கான காரணம் கலத்துக்குள்ளேயே கிடக்கு.

எல்லா மாதவிடாய் நோவும் என்டோமெற்றியோசிஸ் இல்ல. கருப்பையின் உட்படையைப் போன்ற இழையம் சூலகத்திலயோ குடலுக்கு மேலயோ இடுப்புக்குழியின் வேற இடங்களிலயோ வளர்றதுதான் அது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கு.

மாதவிடாய் இரத்தம் கொஞ்சம் பின்பக்கமா வயிற்றுக்குள்ள போறது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கும். பிறகேன் சிலருக்கு மட்டும் நோய்? இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏறத்தாழ பாதிப் பங்கைப் பரம்பரைக்குக் குடுக்குது. மிச்சத்தைத் தேடும்போதுதான் எபிஜெனெற்றிக்ஸ் வருது. டி.என்.ஏ.யின் எழுத்து மாறாது. அதில ஒட்டுற மெதைல் போன்ற சின்ன இரசாயன அடையாளங்கள்தான் எந்தப் பரம்பரையலகு வேலை செய்யணும், எது அடங்கிக் கிடக்கணும் எண்டதை மாத்தும். உறுகாமக் குளத்தில தண்ணி ஒண்டுதான். எந்த வாய்க்காலைத் திறக்கிற, எதை அடைக்கிற எண்டதைப் பொறுத்துத்தானே வயல் விளையுது.

இந்த நோயில வாய்க்கால்கள் தலைகீழாத் திறந்து கிடக்கு. சிக்காகோவில் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் சேர்தார் புலூன் குழு இதைக் காட்டினது. சாதாரண உட்படையில் மெதைலால் அடைபட்டிருக்கிற எஸ்.எஃப்-1, ஈஸ்திரோஜன் வாங்கி பீற்றா ஆகிய இரண்டு பரம்பரையலகுகளும் இந்தக் கலங்களில அடைப்பில்லாமல் வேலை செய்யுது. அதனால அந்தக் கட்டி தனக்கான ஈஸ்திரோஜனைத் தானே செய்துகொள்ளுது. மறுபக்கம், புரொஜெஸ்தெரோனின் வாங்கிகளில் ஒண்டு மெதைலால் அடைபடுறதை 2006இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. வளர்ச்சியை அடக்கச் சொல்லுற ஓமோன் புரொஜெஸ்தெரோன். அது சொல்லுறது இந்தக் கலங்களுக்குச் சரியாக் கேட்காது.

கர்ப்பகாலத்தில உடம்பில நிறையிறதும் அதே புரொஜெஸ்தெரோன்தான். மாதவிடாய் நிக்கிறதால அந்த மாதங்களில சிலருக்கு நோ குறையலாம். ஆனா அடைபட்ட வாங்கி பிள்ளை பெத்ததால திறக்கும் எண்டு எந்த உத்தரவாதமும் இல்ல. நோவை மாத்துறதுக்காக மட்டும் கர்ப்பம் தரிக்கச் சொல்லக்கூடாது எண்டு ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவ அமைப்பான எஷ்ரேயின் 2022 வழிகாட்டியே சொல்லுது. அதைவிடக் கொடுமை, இந்த நோயே சிலருக்குக் கரு தங்குறதைக் கஷ்டமாக்கும். மருந்தெண்டு சொல்லிக் கட்டி வைத்த கலியாணத்தில அந்தப் பிள்ளைக்கு மலடி எண்ட பேரும் சேரும்.

எபிஜெனெற்றிக்ஸ் எண்ட சொல்லை வைத்து இன்னொரு வியாபாரமும் நடக்குது: "இதைச் சாப்பிடுங்க, உங்கட மரபணு மாறும்." நம்பாதீங்க. ஏறக்குறைய ஆயிரம் பெண்களின் கருப்பை உட்படையைப் பார்த்த 2023 ஆய்வில, நோயின் வேறுபாட்டில சுமார் 15 சதவீதத்தைத்தான் மெதைல் அடையாளங்களோட சேர்த்துப் பார்க்க முடிஞ்சது. அந்த அடையாளம் நோயைக் கொண்டு வந்ததா, நோய் அதைக் கொண்டு வந்ததா எண்டதும் தீர்ந்த கேள்வி இல்ல. அதனால தாய் தின்னதையோ, மகள் தின்னதையோ குற்றம் சொல்ல இதில இடமில்ல.

ஸ்கேனில ஒண்டும் தெரியல எண்டா நோய் இல்ல எண்டு அர்த்தமில்ல. லப்பரஸ்கோப்பி செய்துதான் வைத்தியம் தொடங்கணும் எண்டும் இல்ல. அதே 2022 வழிகாட்டி அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம் எண்டுது. ஒரு கொப்பியில எழுதுங்க: எத்தனை நாள் நோ, எத்தனை குளிசை, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகல, மலம் கழிக்கேக்க நோகுதா. அதைக் கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறுங்க. கலியாணம் கட்டாத பிள்ளை பெண்நோயியல் கிளினிக் வரிசையில நிண்டா ஊர் கதைக்கும்தான். துணைக்கு அக்கா வரட்டும், இல்லாட்டி தம்பி வரட்டும்.