சாகாவரம் வாங்கி வந்த ஏ பாட்டில்!

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டுக் குளியலறையில் கழுவுகிற கூட்டத்தில் ஒரு வசனம் ரொம்ப நாளாக உலவுகிறது. "ரெண்டு பாட்டில் டெவலப்பரா? ஏ பாட்டில் கெட்டே போகாது தம்பி. பி-யை மட்டும் அப்பப்ப மாத்திக்க." சொல்கிற அண்ணன் இருபது வருஷம் கேமரா தூக்கியவர். கேட்கிற தம்பி போன மாதம்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கினவன். எதிர்த்துக் கேட்பானா? அப்படியே தலையாட்டிவிட்டு, அடுத்த இரண்டு வருஷத்துக்கு அதே ஒரு லிட்டரில் ரோல் ரோலாக முக்கி எடுக்கிறான்.

அண்ணன் சொன்னது பாதி பொய். அதுவும் பிலிமைக் கெடுக்கிற பாதி.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. சாதாரண டெவலப்பரில் மருந்தும் காரமும் ஒரே பாட்டிலில். இரண்டு பாட்டில் முறையில் ஏ-யில் மருந்து (மெட்டால்), கூடவே சோடியம் சல்ஃபைட். பி-யில் போராக்ஸ் மாதிரி ஒரு காரம். பிலிம் முதலில் ஏ-யைக் குடிக்கிறது. பிறகு பி-க்குள் போனதும் குடித்த மருந்து வேகமெடுத்து வேலை செய்கிறது. வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தில் மருந்து சீக்கிரம் தீர்ந்து நின்றுவிடும். நிழலில் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளை வெந்து போகாது, கறுப்பும் அடைத்துப் போகாது.

செட்டிநாட்டு வீட்டைப் படம் எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வளவில் நடு மத்தியான வெயில் சுண்ணாம்புச் சுவரில் அடித்துக் கண்ணைக் கூசவைக்கும். இரண்டடி தள்ளி அறைக்குள் பார்த்தால் கருக்கிருட்டு. இரண்டும் ஒரே நெகட்டிவில் வேண்டும். போதாக்குறைக்கு மே மாதத்துக் காரைக்குடியில் 20 டிகிரி தண்ணீருக்கு எங்கே போவது? இந்தியாவின் சொந்த பிலிம் தொழிற்சாலையை 1960-ல் ஆரம்பித்தபோது குளிரான ஊட்டியில்தான் கட்டினார்கள், சிவகங்கைச் சீமையில் இல்லை :) இரண்டு பாட்டில் முறை நேரம், சூடு இரண்டிலும் கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஆகவே இந்த ஊருக்கு ஏற்ற முறைதான். சண்டை முறையோடு இல்லை, அந்தச் சாகாவரத்தோடு.

இனி அண்ணனின் வாதம். "ஏ-யில் டெவலப் ஆவதே இல்லை, பிலிம் மருந்தைக் குடிக்க மட்டும்தான் செய்யுது, அப்புறம் எப்படித் தீரும்?" கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். லைக்கா பிலிமுக்காக ஸ்டாக்லர் சொன்ன பழைய சூத்திரத்தில் ஏ என்பது லிட்டருக்கு 5 கிராம் மெட்டால், 100 கிராம் சல்ஃபைட். பேரி தார்ன்டனின் சூத்திரத்தில் 6.5 கிராம் மெட்டால், 80 கிராம் சல்ஃபைட். கோடாக்கின் டி-23 என்ன? 7.5 கிராம் மெட்டால், 100 கிராம் சல்ஃபைட். வேறெதுவும் கிடையாது. அந்த டி-23 பி பாட்டிலே இல்லாமல் ஒரு ரோலை முழுசாக டெவலப் செய்துவிடும்! சல்ஃபைட்டே லேசான காரம்தானே. அப்படியென்றால் உங்கள் ஏ பாட்டிலும் கொஞ்சம் மெலிந்த டி-23. அதில் பிலிம் ஊறவில்லை, பாதிக்குமேல் வெந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு ரோலும் மெட்டாலைத் தின்கிறது, புரோமைடைக் கக்கிவிட்டுப் போகிறது. புரோமைடு சேரச் சேர முதலில் அடிவாங்குவது நிழல். அதாவது எதற்காக இந்த முறைக்கு வந்தீர்களோ, அதுவே.

டயாஃபைன் போன்ற சில தயார்ச் சரக்குகள் வேறு. அவற்றின் ஏ-யில் ஏறக்குறைய ஒன்றும் நடக்காதபடி காரத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். "கெட்டுப்போகாது" என்ற பேர் அவற்றுக்குப் பொருந்தும். அந்தப் பேரைத் தூக்கிவந்து மெட்டால் - சல்ஃபைட் பாட்டிலுக்கு ஒட்டியதுதான் கோளாறு.

சரி, எத்தனை ரோல்? ஒரு வேடிக்கை. கோடாக் டி-76, இல்ஃபோர்ட் ஐடி-11 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூத்திரம். தண்ணீர் கலக்காத ஒரு லிட்டருக்குக் கோடாக் 4 ரோல் என்கிறது, இல்ஃபோர்ட் 10 என்கிறது. இருவருமே போகப்போக நேரத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். ஆக, ஆயுள் என்பது எவ்வளவு சரிவைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்கிற கணக்கு. இரண்டு பாட்டில்காரர்களோ "நேரம் முக்கியமில்லை" என்று சொல்லிச் சொல்லியே நேரத்தைக் கூட்டுகிற அந்த ஒரு வைத்தியத்தையும் தொலைத்தவர்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதல் தேயாத வியாபாரம் உண்டா? ஐந்தொகை எழுதி வட்டிக்கடை நடத்திய ஊரில், ஏ பாட்டிலுக்கு மட்டும் தேய்மானம் எழுத மறுக்கிறார்கள். பாட்டிலில் அளவு குறைந்தால் தண்ணீர் ஊற்றி நிரப்பும் மகான்களும் இருக்கிறார்கள். (பாலில் ஊற்றினால் சும்மா விடுவார்களா?) குறைந்ததைப் புது ஏ-யால் நிரப்ப வேண்டும். பி-யில் நனைந்த டேங்க்கைக் கழுவாமல் அடுத்த ரோலுக்கு ஏ-யை ஊற்றினால் காரம் ஏறி, மெட்டால் காற்றில் இன்னும் வேகமாகக் கெடும். பி-யின் கதை இன்னும் சிறியது. அது ஏ-யிலிருந்து வந்த மருந்தையும் கழிவையும் சுமப்பது. விலை ஒன்றுமில்லை, சீக்கிரம் கொட்டிவிடலாம்.

"நிறம் மாறினால் தெரிஞ்சிடுமே" என்பது அடுத்த சாக்கு. சில பிலிம்களின் பின்பூச்சுச் சாயம் முதல் ரோலிலேயே ஏ-யை ரோஸாக்கும், பச்சையாக்கும். அதனால் கெடுதல் இல்லை. தெளிவாக இருக்கிற பாட்டில் புரோமைடு நிரம்பிக் கிடக்கலாம். பிலிம் நுனியை வெளிச்சத்தில் காட்டி முக்கிப் பார்ப்பதும் பாதிச் சோதனைதான். நுனி கறுத்தால் மருந்து உயிரோடு இருக்கிறது என்று தெரியும், நிழல் மிஞ்சுமா என்று தெரியாது. முதல் ரோலில் ஒரே சுவரை நாலு ஸ்டாப் குறைத்து ஒரு பிரேம் எடுத்து வையுங்கள். அஞ்சாவது, பத்தாவது ரோலில் அதே பிரேமை எடுத்து, இரண்டையும் ஜன்னலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சினிமா லேப்களில் மாதக்கணக்கில் ஒரே தொட்டியை ஓட்டினார்களே என்று கேட்கலாம். ஏவி.எம். 'நாம் இருவர்' எடுத்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. லேப்களில் ஓட்டினார்கள், சும்மா ஓட்டவில்லை. அளந்து புது மருந்து சேர்த்தார்கள், சோதனைத் துண்டைக் கழுவி அடர்த்தி பார்த்தார்கள். அண்ணனிடம் அடர்த்திமானி வேண்டாம், குறைந்தபட்சம் எத்தனை ரோல் ஆச்சு என்று பாட்டிலில் ஒரு கோடாவது உண்டா?

இதெல்லாம் பூ, பூனைக்குட்டி எடுக்கிறவருக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனால் இந்தப் பக்கம் பிலிம் எடுக்கிறவர்கள் எடுப்பது வீடுகளை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. பட்டாலையை இன்று எடுத்தால் அடுத்த வருஷம் அந்த வீடு இருக்கும் என்று உத்தரவாதமில்லை. அந்த நெகட்டிவில் தூணின் செதுக்கல் நிழலோடு நிழலாகக் காணாமல் போனால் திரும்பப் போய் எடுக்கத் தூண் வேண்டுமே? ஒரு ரோல் பிலிமின் விலைக்குப் பக்கத்தில் 5 கிராம் மெட்டாலின் விலை தூசு.

லிட்டருக்குப் 10 ரோலில் ஏ-யைக் கொட்டுங்கள். திரும்ப எடுக்க முடியாத படம் என்றால் முதல் 5-க்குள் கழுவுங்கள். இருபது வருஷ அண்ணன் சிரித்தால் சிரிக்கட்டும். அவருடைய கடைசி ரோலை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.