சூதாட்டச் சட்டமும் சங்க அங்கத்தினர்களும்

அண்மையில் பேரையூர் வட்டாரத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டேன். நெசவு அங்கத்தினர் ஒருவர் ஆறு மாதத்திற்குள் மூன்று முறை நகையீட்டின் பேரில் கடன் பெற்றிருந்தார். ஆனால் தறியோ பாதி நாள் ஓடவில்லை. காரணம் வினவியபோது அவர் கைப்பேசியை மேசைமீது வைத்துவிட்டுத் தலை குனிந்தார். “போலீசுக்குச் சொல்லிவிடாதீர்கள், ஐயா” என்பதே அவருடைய முதல் வார்த்தை. போன பணத்தைவிடச் சட்டத்தையே அவர் அதிகம் அஞ்சினார்.

1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இடத்தைத் தேடிச் செல்வது. சாவடி, சீட்டுக்கட்டு, ஜமக்காளத்தில் கிடக்கும் காசு இவற்றைப் போலீசார் கைப்பற்றினால் வழக்கு முடிந்தது. இணையச் சூதாட்டத்திற்கோ சாவடி இல்லை. நடத்துபவன் பல வேளை கடல் கடந்திருக்கிறான். 2021இல் நமது மாநிலம் சட்டமாக்கிய தடையை அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. பிறகு நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை வந்தது. அதையொட்டிய 2022ஆம் ஆண்டுச் சட்டம், கவர்னர் திருப்பியனுப்பிச் சட்டசபை மறுபடியும் நிறைவேற்றிய பின்னர், 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களென்று அவற்றை அதிலிருந்து நவம்பரில் உயர்நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

மாநிலச் சட்டத்தில் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. இப்பிரிவு எனக்கு உடன்பாடன்று. சூதாடியவர்மீது இரக்கங் காட்டி இதைச் சொல்லவில்லை. அவரே முதல் சாட்சி என்பதால் சொல்கிறேன். ஒரு தளத்தை அதிகாரிகள் முடக்கினால் பெயரில் ஓரெழுத்து மாற்றி மறுநாள் வேறொன்று முளைக்கும். அதனால் தளத்தைத் துரத்துவதைவிடப் பணம் போகும் வழியை அடைப்பதே பயன் தரும். எவ்வளவு தூரத்திலிருந்து நடத்தினாலும் பணம் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில்தானே வந்து சேரவேண்டும்? அந்தக் கணக்கு எதுவென்று அறிந்தவர் பணம் கட்டியவர். அவர் வாயைத் தண்டனைப் பயத்தால் அடைத்துவிட்டு நாம் யாரைப் பிடிக்கப்போகிறோம்?

அக்கணக்குகள் எங்கோ இருப்பவை என்று எண்ணவேண்டாம். மாதம் சில ஆயிரம் தருவதாகச் சொல்லி ஏழைகளின் பாஸ் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் வாங்கிச் செல்லும் தரகர்கள் இருக்கின்றனர். கணக்கை இரவல் கொடுத்தவர் வழக்கில் முதலில் அகப்படுவார், தரகர் அகப்படமாட்டார். சங்க நிர்வாகிகள் இதை அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே விளக்கவேண்டும். ஏமாற்றப்பட்டுப் பணம் இழந்தவர் தாமதமின்றி அழைக்கவேண்டிய தொலைபேசி எண் 1930. பழைய சட்டத்தின் ஆண்டும் அதுவே என்பதால் மறப்பதற்கில்லை!

மேற்படி நெசவாளரின் கைப்பேசியில், பணம் அனுப்பிய கணக்குகளின் விவரம் அப்படியே இருந்தது. எட்டுப் பெயர்கள். ஒன்றுகூடக் கம்பெனியின் பெயரன்று. எல்லாம் நம்மைப் போன்ற தனி மனிதர்களின் பெயர்கள். எழுதித் தாருங்கள், நானும் உடன் வருகிறேன் என்றேன். ஒரு வாரமாயிற்று, இன்னும் அவர் தரவில்லை.