பனியை உருக்கும் பூ, நாக்கைச் சுடும் இலை



கருணைக்கிழங்கை நறுக்கினால் கை அரிக்கிறது. சேம்பை அரைவேக்காட்டில் இறக்கிவிட்டால் தொண்டை கமறுகிறது. புளி ஊற்றி நன்றாக வேகவைத்தால்தான் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது. இது தாய்மார்கள் அனைவருக்கும் தெரிந்த சங்கதிதான். இந்தச் சேம்புக் குடும்பத்துக்குத் தூரத்து உறவான செடி ஒன்று வட அமெரிக்காவில் இருக்கிறது. அதன் கதையைக் கேட்டால், நம் வீட்டு வாசலில் நிற்கும் செடியையும் சற்று எச்சரிக்கையோடு பார்ப்பீர்கள்.

அதன் பெயர் ‘ஸ்கங்க் கேபேஜ்’. ஸ்கங்க் என்பது அந்நாட்டில் வாழும் கறுப்பும் வெள்ளையுமான ஒரு சிறு பிராணி. யாராவது அதைச் சீண்டினால் தாங்க முடியாத நாற்றமுள்ள நீரைப் பீய்ச்சியடிக்கும். இந்தச் செடியின் இலையைக் கசக்கினாலும் அப்படித்தான் நாறும். கேபேஜ் என்று பெயர் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். நம் கேமரன் மலை முட்டைக்கோசுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கனடாவின் கிழக்குப் பகுதியிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் உள்ள சதுப்பு நிலங்களில் இது வளர்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே தரையெல்லாம் பனி மூடியிருக்கும். வேறு செடிகள் உறங்கும் அந்த நேரத்தில் இது பூக்கிறது. எப்படி? தன் கிழங்கில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எரித்துத் தானே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது! வெளிக்காற்றைவிட 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை அதன் பூங்கதிர் கூடுதல் சூட்டோடு இருப்பதாக 1974-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. இந்தச் சூடு இரண்டு வாரம் வரை நீடிக்குமாம். சுற்றியுள்ள பனி உருகிவிடும். அழுகிய இறைச்சி போன்ற வாடை பரவும். அதை நாடி ஈக்களும் வண்டுகளும் வந்து மகரந்தம் சேர்க்கின்றன.

இதன் இனத்துச் செடி ஜப்பானிலும் உண்டு. கரும்பழுப்பு மடலுக்குள்ளே இருக்கும் பூங்கதிர், ஒரு துறவி தியானத்தில் அமர்ந்திருப்பதைப் போல் தோன்றுவதால் அதைத் ‘தியானச் செடி’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். போதிதர்மரின் பெயராலும் அழைப்பார்கள். தென்னிந்தியாவிலிருந்து சீனத்துக்குச் சென்றார் என்று மரபு கூறும் அதே போதிதர்மர்தான்.

இனி மருந்து விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கப் பழங்குடி மக்கள் இச்செடியைப் பல நோய்களுக்குப் பயன்படுத்தினார்கள். கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் மக்கள் தலைவலிக்கு இதன் இலையைக் கட்டி முகர்ந்தார்கள். வேறு சிலர் ஆஸ்துமாவுக்கும் கபத்துக்கும் கொடுத்தார்கள். வெள்ளைக்கார மருத்துவர்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1820 முதல் 1882 வரை அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூலிலேயே ‘டிராகோன்டியம்’ என்ற பெயரில் இது இடம்பெற்றிருந்தது. இருமல், வாதம், நரம்புக் கோளாறு, நீர்வீக்கம் எனப் பலவற்றுக்கும் கொடுத்தார்கள். பின்னர் அந்நூலிலிருந்து நீக்கப்பட்டது. இது எந்த நோயையாவது தீர்க்கும் என்று முறையான சோதனையில் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

சரி, இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? இச்செடி முழுவதும் கால்சியம் ஆக்சலேட் என்னும் நுண்ணிய ஊசிகள் நிறைந்துள்ளன. பச்சையாகக் கடித்தால் அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்தி, தீப்பட்டதுபோல் எரியும், வீங்கும். சேம்பை வேகவைத்து அடக்கிவிடலாம். இதை எவ்வளவு வேகவைத்தாலும் ஊசி அடங்காது. அதனால்தான் அம்மக்கள் கிழங்கை நெடுநாள் உலர்த்திப் பக்குவப்படுத்திய பிறகே மாவாக்கினார்கள். உறக்கம் கலைந்து வரும் கரடிகள் இதன் தளிரைத் தின்கின்றன. கரடி தின்கிறதே என்று நாமும் தின்னலாமா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. அதே ஈர நிலத்தில் ‘ஃபால்ஸ் ஹெலிபோர்’ என்ற கொடிய நச்சுச் செடியும் முளைக்கிறது. இளம் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆள் மாறாட்டம் நடந்தால் கடும் வாந்தி வரும், இதயத் துடிப்பு தளரும், இரத்த அழுத்தம் இறங்கும்.

“அமெரிக்கச் செடிக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும், வாத்தியாரே?” என்று கேட்பீர்கள். அந்த ஊசிகள் நம் வாசலிலும் இருக்கின்றன. சாக்கடையோரம் யானைக்காதுபோல் இலை விரித்து நிற்கும் காட்டுச் சேம்பில் இருக்கின்றன. மலாய்க்காரர்கள் அதைக் ‘கெலாடி பிரா’ என்பார்கள். வெள்ளைப் புள்ளி போட்ட இலைகளோடு ஐந்தடியில் அழகுக்கு வைத்திருக்கிறோமே, அந்தத் தொட்டிச் செடியிலும் இருக்கின்றன. தவழும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் அதை வையுங்கள்.

பிள்ளை கடித்துவிட்டால் பதற வேண்டாம். வாயில் உள்ளதைத் துடைத்தெடுத்து, தண்ணீரால் கழுவுங்கள். குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாக்கு வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கடித்த இலையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

“பச்சைச் சாறு குடித்தால் இழுப்பு நிற்கும், கட்டி கரையும்” என்று யாராவது காட்டு இலையை நீட்டினால், முன்னோர் வைத்தியம்தானே என்று வாங்கிக் குடித்துவிடாதீர்கள். முன்னோரின் அறிவு வெறும் இலையில் இல்லை. எந்தச் செடி, எந்தப் பக்குவம், எவ்வளவு என்று அறிந்திருந்ததில்தான் இருந்தது. அந்த அறிவு கைமாறாமல் இலை மட்டும் கைமாறினால் அது மருந்தாகாது. ஆஸ்துமாவுக்கு டாக்டர் கொடுத்த மருந்தையும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த மாதம் வேறொரு செடியோடு சந்திப்போம்.