செம்பருத்தி ஏன் கறுத்தது?



சென்ற மாதம் மூலக்குளத்திலிருந்து ஓர் இளைஞர் தம் கைப்பேசியுடன் என்னைக் காண வந்தார். அவருடைய பாட்டியார் முற்றத்தில் வளர்த்த செம்பருத்தியையும் சங்குப்பூவையும் முன்பே படம் பிடித்திருந்தார். இன்று பாட்டியாரும் இல்லை. வீட்டைப் பெரிதாக்கியபோது செடிகளும் போய்விட்டன. ஆண்டு நினைவு நாளுக்குள் அப்படங்களைச் செம்பழுப்பாக்கி, பாட்டியாரின் திருமணப் படத்தோடு ஒரே சட்டத்தில் மாட்ட விரும்பினார். கைப்பேசிச் செயலி நொடியில் நிறத்தை மாற்றித் தந்துவிட்டது. “ஆனால் ஒட்டவில்லை, சாமி. அருகில் வைத்தால் பொய்யாகத் தெரிகிறது” என்று வருந்தினார்.

குருமடத்து நாள்களில் மூத்த குரு ஒருவருக்கு இருட்டறையில் உதவியவன் நான். ‘செபியா’ என்பது கணவாய் மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; அதன் மையின் நிறமே இப்பெயர் பெற்றது. படத்திலோ கணவாய் மை இல்லை. வெள்ளித்துகளாலான கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் வெளுப்புக் கரைசலில் இடுவோம். உருவம் ஏறத்தாழ மறைந்தே போகும். புதிதாய்ப் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். பின்பு சோடியம் சல்ஃபைடு கரைசலில், அழுகிய முட்டை நாற்றத்தினிடையே, அதே உருவம் செம்பழுப்பாய் மீண்டும் எழும். வெள்ளி சல்ஃபைடாக மாறிய படத்தைக் காற்றும் ஈரமும் எளிதில் கெடுக்கமாட்டா. அழகுக்காக மட்டுமன்று, நீடித்து நிற்கவுமே அந்நிறம் ஏற்றப்பட்டது.

ஆயினும் இளைஞரின் இடர்ப்பாடு நிறத்தில் இல்லை. பழைய தகடுகள் சிவப்பை ஏறக்குறைய உணரா. நீலத்தையோ மிகுதியாக உணரும். திருமணப் படத்தை உற்று நோக்கச் சொன்னேன். மாலையிலிருந்த ரோஜாக்கள் கரிபோல் இருந்தன! அவருடைய படத்திலோ செம்பருத்தி வெளிறியும் சங்குப்பூ கறுத்தும் நின்றன.

ஆகவே முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். அப்போதே சிவப்பின் பங்கைக் குறைத்து நீலத்தைக் கூட்ட வேண்டும். பழுப்பு அதன் பின்னரே. அதனையும் எங்கும் ஒரே சீராகப் பூசலாகாது. வெளுப்புக் கரைசல் மெல்லிய சாயல்களையே முதலில் தின்னும். பாதியில் எடுத்த படங்களில் அடர்ந்த நிழல் கறுப்பாகவே தங்கும். வண்ண மூலத்தைத் தொடாமல், படியில்தான் இவற்றைச் செய்ய வேண்டும்.

1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையுடன் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் வடிவில் காத்து வைத்தது. நாமோ பாட்டன்மார் படங்களைப் பரணில் கரையானுக்கு விட்டுவிட்டு, புதுப் படத்துக்குப் பழமை பூசுகிறோம்.

நினைவு நாளன்று அவ்வீட்டிற்குச் சென்றேன். பூக்கள் இப்போது திருமணப் படத்தோடு ஒட்டி நின்றன. அத்தையார் மட்டும், “அம்மா வைத்த செம்பருத்தி இப்படிக் கறுப்பாகவா இருந்தது?” என்று கடிந்துகொண்டார். இளைஞர் பேசாமல் சட்டத்தைக் கழற்றித் திருப்பினார். பின்னட்டையில், சிவக்கச் சிவக்க, வண்ணப் படத்தையும் ஒட்டி வைத்திருந்தார்.