மாலை சிலைக்கு, காது யாருக்கு?

தேர்தல் நெருங்கினால் நம் மேலூர் வட்டாரத்தில் அம்பேத்கர் சிலைகளுக்கு மாலை குவியும். எந்தக் கட்சி வேட்பாளரும் “அண்ணல்தான் எங்கள் வழிகாட்டி” என்பார். வழிகாட்டி என்றால் அவர் காட்டிய வழியில் நடக்க வேண்டும் அல்லவா?

திருவாதவூருக்கு இது பழைய கதை. இவ்வூரில் பிறந்த மாணிக்கவாசகரைப் பாண்டியன் அமைச்சராக்கி, தென்னவன் பிரமராயன் என்று பட்டமும் கொடுத்தான். குதிரை வாங்கத் தந்த பணம் கோயிலுக்குப் போனது தெரிந்ததும் அதே அமைச்சரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினான் என்கிறது புராணம். அந்தக் கதையில் நம் சேரி இல்லை. ஆனால் அரசனின் குணம் நமக்குத் தெரிந்ததுதான்: கஜானாவைத் தொடும்வரைதான் மதிப்பு.

அம்பேத்கர் எந்தக் கஜானாவையும் தொடவில்லை. பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைத்தான் கொண்டுவந்தார். அதைக் கிடப்பில் போட்டார்கள். 1951 செப்டம்பரில் சட்ட அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். 1952இல் வட பம்பாயிலும் 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். வாய் திறந்து ஆலோசனை சொன்னவரை மக்களவைக்குள் விடவில்லை. பேசாத சிலையானதும் அவர் எல்லாருக்கும் வழிகாட்டி ஆகிவிட்டார்.

இதே மேலூர் வட்டத்தின் மேலவளவில் 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலை மீறி நின்று வென்றார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது, தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி அரசு முன்கூட்டியே விடுவித்தது. ஏப்ரல் 14இல் அண்ணலுக்கு மாலை போட்ட அரசுதான் அதுவும். அன்று அது யார் சொல்லைக் கேட்டது? அம்பேத்கர் சொல்லையா, சாதி ஓட்டுக் கணக்குப் போட்டுத் தந்தவர்கள் சொல்லையா?

தோழர்களே, இனி வேட்பாளரிடம் “யாரைப் போற்றுகிறீர்கள்” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. வேறு கேள்வி கேளுங்கள்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். அந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் உறுப்பினர்கள். மீண்டும் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், “எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள்? என்ன பேசினீர்கள்?” என்று கேளுங்கள். புதிதாக நிற்பவரிடம், “அப்படி ஒரு குழு இருப்பது தெரியுமா?” என்று கேளுங்கள். கூட்டக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களே கேட்டு வாங்கி, கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மாலை போட அரை நிமிடம் போதும். அண்ணல் சொன்னதைச் செய்தால் ஆதிக்கச் சாதி ஓட்டில் கொஞ்சம் குறையும். அந்த இழப்புக்குத் துணிந்தவர் யாரோ, அவர் மாலையே போடாவிட்டாலும் நம் ஓட்டு அவருக்குத்தான்.

ஜெய்பீம்.